ஸ்டேன் சாமி நினைவு நாள்: எங்கள் நிலத்தில் கல் நடலாமா?

கேட்டவர்: கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 5, ஜார்கண்டில் ஆதிவாசிகளுக்காக உழைத்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டேன் சாமி இறந்த நாள். 1937-ல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர், எங்கள் பக்கத்துக்காரர். ராஞ்சி நாம்குமில் அவர் இருந்த ‘பகைச்சா’ என்ற சமூகப் பணி மையத்தில் படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்தேன். எனக்கு அவர் தாத்தா மாதிரி.

2020 அக்டோபர் 8 இரவு, மாவோயிஸ்ட் தொடர்பு என்று சொல்லி, பீமா கோரேகான் வழக்கில் அங்கிருந்துதான் அவரைக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது, காதும் மந்தம். மும்பை பக்கத்துத் தலோஜா சிறையில் ஒரு உறிஞ்சுகுழலுக்காகக் கோர்ட்டில் மனு போட வேண்டியிருந்தது.

நினைவுக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த உறிஞ்சுகுழலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. ஜார்கண்ட் சிறைகளில் தீர்ப்பு வராமலே விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக அந்த மனுஷன் எவ்வளவு அலைந்தார்! அவர்களைப் பற்றி 2016-ல் ஆய்வறிக்கை வந்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார். கடைசியில் அவரும் ஒரு விசாரணைக் கைதியாகவே போய்விட்டார்.

அப்பாவின் பட்டா நிலத்தில் அவர் படத்தோடு ஒரு கல் நட ஆசை. தாசில்தார் தடுப்பாரா? கல்லோடு வேறு என்ன செய்யலாம்?

பதில்: தகடூர் வக்கீல்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இதே பிரச்சினை வந்ததும்மா. நல்லம்பள்ளி தாலுகாவில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் பாதரின் படத்தோடு கல்தூண் வைக்கப் போக, தாசில்தார் நோட்டீஸ் கொடுத்துத் தடுத்தார். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. சொந்த இடத்தில் வைக்கலாம், அதனால் ஊருக்குள் பிரிவினையோ மோதலோ வரக்கூடாது, அவ்வளவுதான். தீர்ப்பு நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: செங்கல்சூளை மகன்

அக்கா, என் அப்பாவும் விசாரணைக் கைதியாக இருக்கும்போதே காசநோயில் இறந்தார். ஜாமீன் கிடைத்திருந்தது, கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைக்கவில்லை. சிறையில் மனு கொடுத்து அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே, "வெளியே வந்து பாத்துக்கலாம்டா" என்பார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

சிறைக்காவலில் யார் இறந்தாலும் மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பதெல்லாம் அப்போது அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு உடலை வாங்கி வந்தோம்.

அப்பா பேர் தெரிந்தவர்கள் எங்கள் தெருவைத் தாண்டி யாரும் கிடையாது. கல் நடும் அன்றைக்கு எங்களை மாதிரிக் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். அம்மாவைக் கூட்டி வருகிறேன்.

பதில்: தகடூர் வக்கீல்

தம்பி சொல்வதுதான் சரி. அன்றைக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வக்கீலை வரவழையுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-வது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் சிக்கல். ஆனாலும் இது தெரியாமலே உள்ளே கிடப்பவர்கள் நிறையப் பேர்.

கேட்டவர்: கொள்ளிடக்கரை

தம்பி, அம்மாவை அவசியம் கூட்டி வாங்க. உங்கள் அப்பா பேரை எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், அதையும் அந்தக் கல்லில் வெட்டச் சொல்கிறேன்.

2021 மே மாதம் வீடியோவில் நீதிபதிகளிடம் பாதர் கேட்டது ராஞ்சியில் தன் ஆட்களோடு இருக்க வேண்டும் என்பதைத்தான். பெரிய ஆஸ்பத்திரிகூட வேண்டாம் என்றார். ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் கோர்ட்டில் சொல்ல வேண்டியதாயிற்று.

வக்கீல் சார், ஆணைக்குழுவுக்கு மனு எப்படி எழுதுவது? ஒரு மாதிரி போட்டுக் கொடுத்தால் திங்கட்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.