புதுப்பிப்பு: துறைமுகத்தில் அப்பாவின் பேட்டரி ஸ்கூட்டர் தானாக உதறிய விஷயம்

முன்பு எழுதியது இதுதான்: முட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு அண்ணன் பக்கத்தில் நின்று வாக்கி டாக்கியில் பேச, அப்பாவின் ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) லேசாக முன்னால் உதறியது. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

நாகர்கோவில் மெக்கானிக் திறந்து பார்த்தார். ஒயர், வேக லீவர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. வாக்கி டாக்கியின் ரேடியோ அலைதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை, ஆனால் என் சந்தேகம் அதன் மேல்தான். படகுக்காரர்கள் கையில் வைத்திருப்பது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் விஎச்எஃப் செட் (கடலில் பேசப் பயன்படும் வாக்கி டாக்கி), பெரும்பாலும் 5 வாட். ஆன்டெனாவை நெருங்க நெருங்க அலையின் வலு மளமளவென்று கூடும். மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் அதை லீவரின் சிக்னல் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வண்டிகளின் கையேடுகளில் எவ்வளவு வலுவான அலை வரை வண்டி தாங்கும் என்று, மீட்டருக்கு 20 வோல்ட் என ஒரு தாங்குதிறன் அளவு போட்டிருப்பார்கள். அப்பாவின் வண்டிக் கையேட்டிலும் இருக்கிறது, யார் படித்தோம்! கூடுதலாக எதையாவது மாட்டினால் அந்தத் தாங்குதிறன் குறையலாம் என்றும் அதிலேயே உண்டு. ஹேண்டிலில் மாட்டியிருந்த போன் சார்ஜரைக் கழற்றிவிட்டேன்.

செட் வைத்திருப்பவர் கிட்டே வந்தால் அப்பா இப்போது சாவியை அணைத்துவிடுகிறார். அணைத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்னால் உள்ள ஃப்ரீவீல் லீவரை (வண்டியைக் கையால் தள்ளுவதற்காக பிரேக்கை விடுவிப்பது) தள்ளியிருந்தால் பிடிக்காது; துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் அதைத் தொடவே கூடாது.