வேலியைத் தாண்டிய கை: பேஸ்பாலில் பார்வையாளர் குறுக்கீட்டை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மூன்றாம் வரிசை:

கடந்த கோடையில் மகளுடன் ஒரு மைனர் லீக் (இரண்டாம் நிலைத் தொழில்முறை) பேஸ்பால் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். இடப்புறக் கோட்டை ஒட்டி, மூன்றாம் வரிசையில் எங்கள் இருக்கை. முதல் பேஸில் (ஓட்டக்காரர் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் முதலாவதில்) ஓர் ஓட்டக்காரர் இருந்தபோது, மட்டையாளர் அடித்த பந்து மூன்றாம் பேஸைக் கடந்து கோட்டுக்குள் விழுந்து, எங்களுக்கு முன்னாலிருந்த தாழ்வான சுவரை உரசியபடி உருண்டு வந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் மடியிலிருந்த வேர்க்கடலை சிதறுவதையும் பொருட்படுத்தாமல், இடுப்பு வரை சுவரின் மேல் கவிழ்ந்து பந்தை அள்ளிவிட்டார். அதைத் தூக்கிக் காட்டிக் கைதட்டலுக்காகத் திரும்பியவருக்குக் கிடைத்தது கூச்சல்தான். நடுவர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பற்றிக் காட்டினார்.

அடித்தவரை இரண்டாம் பேஸில் நிறுத்திய நடுவர், முதல் பேஸில் இருந்தவரை நேராக ஹோமுக்கே, அதாவது ரன் கிடைக்கும் கடைசி முனைக்கே, அனுப்பிவிட்டார். பந்து துள்ளி ரசிகர்களிடையே விழுந்தால் ஆளுக்கு இரண்டு பேஸ்தான் என்பதால், அவர் மூன்றாம் பேஸில் நின்றிருக்க வேண்டும் என்றே நான் நினைத்தேன். எதிரணி மேலாளரும் அதையேதான் வாதாடினார் என்று தோன்றுகிறது. தீர்ப்பு மாறவில்லை. அது என்ன கணக்கு?

ஞாயிறு நடுவர்:

நீங்கள் கண்டது முறையான தீர்ப்புதான். தானாகத் துள்ளி உள்ளே விழும் பந்துக்கு இரண்டு பேஸ் என்பது மாறாத கணக்கு. பார்வையாளர் ஆடுகளத்தின் பக்கம் கைநீட்டித் தொட்ட பந்துக்கோ அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. விதி 6.01-இன் கீழ், கை பட்ட கணத்திலேயே பந்து ஆட்டத்திலிருந்து நீங்கிவிடுகிறது; அந்தக் கை குறுக்கே வராதிருந்தால் யார் எதுவரை போயிருப்பார் என்று நடுவர் தம் மனத்தில் ஓட்டிப் பார்த்து, அவரவரை அங்கே நிறுத்த வேண்டும். உங்கள் ஆட்டத்தின் நடுவர், ஃபீல்டர் எவ்வளவு தொலைவில் இருந்தார், ஓட்டக்காரர் ஏற்கெனவே எங்கே வந்துவிட்டார் என்பதைப் பார்த்தே ஹோமைக் கொடுத்திருப்பார்.

நான் வார இறுதிகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவன். முதல் ஆண்டிலேயே இதில் மாட்டிக்கொண்டேன். இடப்புறக் கோட்டுக்கு வெளியே, வெகு தொலைவில் உயரே போன ஒரு ஃபவுல் பந்துக்காகப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, இடுப்பளவு கம்பி வேலியருகே கையுறையை விரித்து நின்றான். வேலிக்கு அப்பால் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்த ஒரு பெரியவர், பையனின் கையுறைக்கு ஒரு சாண் மேலே பந்தை வெகு அழகாகப் பிடித்தார். ஃபீல்டர் பிடிப்பதை அந்தக் குறுக்கீடு தெளிவாகத் தடுத்திருந்தால் மட்டையாளர் அவுட் என்பது விதி, அவுட் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மட்டையாளரின் சொந்தத் தாத்தா! "அந்தப் பையன் எப்படியும் தவறவிட்டிருப்பான்" என்று அவர் ஆட்டம் முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அவுட்டில் எனக்குச் சந்தேகமில்லை. நான் தவறியது வேறிடத்தில். ஒருவரே அவுட்டாகியிருந்த நிலையில் மூன்றாம் பேஸில் ஒருவன் இருந்தான். பந்து செத்துவிட்டது என்று அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டேன். அன்றிரவு விதிநூலைப் புரட்டினால், ஏறக்குறைய இதே நிலைமை அங்கே உதாரணமாகவே தரப்பட்டிருந்தது: பந்து போன தொலைவைப் பார்க்கும்போது, பிடிபட்ட பின்னும் அவன் ஓடி ரன் எடுத்திருப்பான் என்று நடுவர் கருதினால், அந்த ரன்னை அனுமதிக்க வேண்டும். அவனுடைய அணி ஒரே ரன்னில் தோற்றிருந்தது.

ஹூஸ்டன்வாசி:

2018 அக்டோபர் 17 அன்று, எங்கள் ஹூஸ்டன் அணி பாஸ்டனுடன் ஆடியபோது, நான் எங்கள் ஊர் மைதானமான மினிட் மெய்ட் பார்க்கின் மேல்தளத்தில் இருந்தேன். முதல் இன்னிங்ஸில் ஒருவர் பேஸில் இருக்க, எங்கள் ஹோசே ஆல்டூவே வலப்புறச் சுவரை நோக்கி அடித்தார். பாஸ்டனின் மூக்கி பெட்ஸ் சுவரோடு எம்பினார். ரசிகர்களின் கைகள் அவர் கையுறையில் பட்டன. பந்து ஆடுகளத்துக்குள் திரும்பி விழுந்தது. ஹோம் ரன் (பந்து சுவரைத் தாண்டியதால் அடித்தவரும் பேஸில் இருப்பவரும் ரன் பெறுவது) என்று நாங்கள் குதித்துக்கொண்டிருக்கையில், நடுவர் ஜோ வெஸ்ட் குறுக்கீடு என்று அறிவித்து ஆல்டூவேயை அவுட் ஆக்கினார்.

ஃபீல்டர் சுவரைத் தாண்டிக் கையை நீட்டினால் அது அவர் சொந்தப் பொறுப்பு. அங்கே ரசிகர் இடித்தாலும் குறுக்கீடு ஆகாது. ஆகவே அன்றைய கேள்வி ஒன்றே: பெட்ஸின் கையுறை சுவரின் இந்தப் பக்கம் இருந்ததா, அந்தப் பக்கமா? சுவரின் நேர்கோட்டில் பார்க்கக்கூடிய கேமராவைப் பாதுகாவலர் ஒருவர் மறைத்து நின்றதாகப் பின்னர் செய்தி வந்தது. நியூயார்க்கில் ஒளிப்பதிவை மறுபார்வை செய்த நடுவர்கள், மாற்றுவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று களத்தின் தீர்ப்பை அப்படியே விட்டார்கள். சரியென்று உறுதிசெய்வது வேறு, ஆதாரமின்றி விட்டுவிடுவது வேறு. எங்கள் ஊரில் பலருக்கு இன்றும் அந்த வேறுபாடு தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பாஸ்டன் 8-6 என வென்றதால், அந்த இரண்டு ரன்தான் எங்களைத் தோற்கடித்தது என்பார்கள். அதன்பின் எட்டு இன்னிங்ஸ் ஆடியதை யாரும் பேசுவதில்லை.

மூன்றாம் வரிசை:

இப்போதுதான் 2003-இல் சிகாகோ ரிக்லி ஃபீல்டில் நடந்ததும் எனக்கு விளங்குகிறது. சிகாகோ கப்ஸ் அணியின் மொய்செஸ் அலூ பிடிக்கப் பாய்ந்த ஃபவுல் பந்து ரசிகர் கையில் பட்டு நழுவியது. பந்து சுவர்க்கோட்டைத் தாண்டிவிட்டது என்று கருதிய நடுவர் மைக் எவரிட் குறுக்கீடு கொடுக்கவில்லை. அதே இன்னிங்ஸில் எதிரணியான மார்லின்ஸ் எட்டு ரன் குவித்தபின், பழியெல்லாம் அந்த ரசிகர் தலையில் விழுந்தது. விதிப்படி அவர் செய்த குற்றம் எதுவுமே இல்லை.

ஞாயிறு நடுவர்:

அதற்கு நேரெதிர் 1996. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் உள்ளூர் அணியின் டெரெக் ஜீட்டர் அடித்த பந்தை, சுவருக்கு மேல் கைநீட்டிய 12 வயதுச் சிறுவன் ரசிகர் பக்கம் தள்ளிக்கொண்டான். நடுவர் ரிச் கார்சியா ஹோம் ரன் என்றார். ஒளிப்பதிவைப் பார்த்தபின் அது ஹோம் ரன் அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்போது மறுபார்வை வசதி கிடையாது. ஹோம் ரன்களுக்கு அது வந்ததே 2008-இல்தான். அந்த ஒளிப்பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்சியா சுவருக்கருகே வந்து அண்ணாந்து பார்க்கிறார். அவ்வளவு கிட்டத்தில் கீழிருந்து பார்ப்பவருக்குக் கையும் பந்தும் தெரியும். சுவரின் கோடு தெரியாது.

எங்கள் மைதானத்துக் கம்பி வேலியோ நடுவில் ஒரு முழம் வெளியே பிதுங்கி நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன்னர் இரு பயிற்சியாளர்களையும் அங்கே அழைத்துப்போய், இரண்டு கம்பங்களுக்கு இடையே கயிற்றைப் பிடித்துக் காட்டி, இதுதான் கோடு என்று ஒத்துக்கொண்ட பிறகே பந்தைக் கொடுக்கிறேன். நாற்காலிகளையும் நான்கடி பின்னுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாத்தா மட்டும் இன்னும் தள்ளவில்லை.