கரும்புத் தோட்டத்துப் பரணுக்குக் கட்டட வேலை ஹார்னஸ் போதுமா?

கேள்வி: தொங்காட் கரும்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் தொங்காட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் குடும்பத்துக்குக் கரும்பு நிலம் இருக்கிறது. ஓடைக்கரைப் புதரிலிருந்து இரவில் இறங்கும் காட்டுப்பன்றிக் (புஷ்பிக்) கூட்டம், தின்பதைவிட அதிகமாகக் கரும்பைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அவற்றை மேலிருந்து சுடுவதற்காக, வரப்போரம் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில் ஏணியோடு கூடிய இரும்புப் பரண் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். உட்காரும் தட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரை வேலை எடுத்துச் செய்யும் என் மைத்துனர், தம் கிடங்கில் ஒதுக்கி வைத்திருந்த முழு உடல் ஹார்னஸ் (விழுந்தால் ஆளைத் தாங்கும் உடல்வார்) ஒன்றையும், அதிர்ச்சி தாங்கும் பொதி தைத்த 2 மீட்டர் பட்டையையும் கொடுத்தார். வேட்டைக்கென்று விற்கும் ஹார்னஸ் விலை கூடுதலாக இருப்பதால், இதையே பயன்படுத்தலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: டர்பன் உயரப்பணி

தம்பி, ஹார்னஸை ஒரு பக்கமும் அந்த 2 மீட்டர் பட்டையை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் விடை வேறு.

பட்டை உங்கள் பரணுக்கு உதவாது. அதில் தைத்திருக்கும் பொதி, விழும் ஆளின் வேகத்தை மெல்லக் குறைப்பதற்காகத் தையல் பிரிந்து நீளும்படி செய்யப்பட்டது. அந்த நீட்சி மட்டுமே 1.75 மீட்டர் வரை போகலாம். காலடி மட்டத்தில் மாட்டிக்கொண்டு விழுந்தால், பட்டையின் நீளம், பொதியின் நீட்சி, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரையுள்ள உங்கள் உடல் நீளம் எல்லாம் சேர்ந்து, கீழே ஏறக்குறைய 6 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் நீங்கள் தரையைத் தொடாமல் நிற்பீர்கள். 5 மீட்டர் பரணில் அந்தப் பொதி தன் வேலையை முடிப்பதற்குள் உங்கள் கால் மண்ணில் மோதிவிடும்.

ஹார்னஸைப் பொறுத்தவரை, அது ஏன் கிடங்கில் ஒதுக்கப்பட்டது என்று மைத்துனரிடம் முதலில் கேளுங்கள். யாராவது ஒருமுறை அதில் விழுந்திருந்தால், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அது முடிந்த பொருள்தான்; ஒழுங்கான பணியிடத்தில் அப்படிப்பட்டதை வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி வெட்டி எறிந்துவிடுவார்கள். லேபிளில் எஸ்.ஏ.என்.எஸ் 50361 (தென்னாப்பிரிக்கத் தரம்) அல்லது ஈ.என் 361 (ஐரோப்பியத் தரம்) என்ற தர எண்ணும் தயாரித்த தேதியும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். லேபிள் அழிந்திருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. பிறகு ஹார்னஸின் பட்டையை விரலில் தலைகீழ் 'யு' போல வளைத்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். அறுந்த இழைகள் வளைவின் மேல் பூப்போலச் சிலிர்த்து நிற்கும். வெயிலில் கிடந்த நைலான் நிறம் வெளுத்து விறைப்பாகியிருக்கும். எங்கள் கடற்கரைப் பகுதியில் பக்கிளின் உள்பக்கத்துத் துருவையும் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த வகை ஹார்னஸை 100 கிலோ பொம்மையை விழவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். ஜாக்கெட், தோட்டா, தண்ணீர் எல்லாம் சேர்த்து உங்கள் எடை அதைத் தாண்டுமானால், லேபிளில் அனுமதித்த எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வில்

டர்பன் அண்ணன் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு ஹார்னஸிலேயே நின்றுவிடுகிறது என்பது என் குறை. பரணிலிருந்து விழுகிறவர்களில் பலர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், அதிலும் குறிப்பாக ஏணியின் கடைசிப் படியிலிருந்து தட்டுக்குக் காலை மாற்றும் அந்த நொடியிலும்தான் விழுகிறார்கள். மேலே போய் உட்கார்ந்த பிறகு கொக்கியை மாட்டுகிறவர், ஆபத்தான பகுதியை வெறுங்கையோடு கடந்துவிட்டுத்தான் மாட்டுகிறார்.

ஆகவே செலவு செய்வதானால் முதலில் லைஃப்லைன் கயிறு வாங்குங்கள். அதன் மேல்முனையைப் பரணுக்கு மேலே, நீங்கள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் வரும் உயரத்தில், கிளையில் அல்லாமல் அடிமரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். கீழ்முனையை மரத்தின் அடியில் இழுத்துக் கட்டுங்கள். அந்தக் கயிற்றில் அதைவிட மெல்லிய கயிற்றால் போட்ட புரூசிக் முடிச்சு ஏறி இறங்கும். தளர்வாக இருக்கும்போது நகரும், பாரம் விழுந்தால் இறுகும். ஹார்னஸின் பிணைப்பட்டையை அதில் மாட்டி, தரையிலிருந்து கால் எடுக்கும் முன்பே இணைந்துவிடலாம். உட்கார்ந்த பிறகு முடிச்சை மேலே தள்ளி, பட்டையில் தொய்வே இல்லாதபடி வைத்துக்கொண்டால், வழுக்கினாலும் இருக்கைக்குக் கீழே நெடுந்தூரம் போக மாட்டீர்கள்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டா நீக்கி, போல்ட்டைத் திறந்து, குழல் தரையை நோக்கி இருக்கும்படி கயிற்றில் கட்டிக் கீழே வைத்துவிட்டு, மேலே அமர்ந்து கொக்கியைச் சரிபார்த்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள்.

தொங்காட் கரும்புக்காரன்

இருவருக்கும் நன்றி. மைத்துனரிடம் கேட்டேன், ஏன் ஒதுக்கினார்கள் என்று அவருக்கே நினைவில்லை, ஆகவே அது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. ஏறும்போது முடிச்சைக் கையால் பிடித்து நகர்த்த வேண்டியிருக்கிறதே, அந்த நேரம் பார்த்து வழுக்கினால் என்ன ஆகும்? விழுந்து தொங்கிவிட்டால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்?

பதில்: டர்பன் உயரப்பணி

முதல் கேள்வி நல்ல கேள்வி. முடிச்சைக் கை இறுகப் பற்றியிருந்தால் அது பூட்டாது, உங்களோடு கூடவே வழுக்கி வரும். எனவே இரு கால்களும் ஒரு கையும் ஏணியில் உறுதியாக இருக்கும்போது மட்டும் மறுகையால் முடிச்சைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, உடனே கையை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே அடுத்த படி.

இரண்டாவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அசையாமல் தொங்கும்போது தொடைப்பட்டைகள் அழுத்துவதாலும், கால் தசைகள் வேலை செய்யாததாலும், இரத்தம் கால்களிலேயே தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. அரை மணி நேரத்துக்குள்ளேயே மயக்கமும் உயிரிழப்பும் நேரக்கூடும். 2014ஆம் ஆண்டின் கட்டுமான விதிமுறைகள் உயரப்பணிக்கான திட்டத்தில் மீட்புத் திட்டத்தையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான். மரத்தடியில் உங்களுக்கு மீட்புக் குழு கிடையாது. ஹார்னஸோடு வரும் கால்மிதிப் பட்டையைக் கைக்கு எட்டும் பையில் வையுங்கள். தொங்கினால் அதில் கால் வைத்து எழுந்து நின்று தொடை அழுத்தத்தைக் குறைத்து, கால்களை அசைத்துக்கொண்டே ஏணிக்குத் திரும்பப் பாருங்கள். கைப்பேசி முதுகுப்பையில் இருக்கக் கூடாது, மார்புப் பையில் இருக்க வேண்டும். கைப்பேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177. எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பதில்: ஸ்டாங்கர் பழைய தோட்டம்

எல்லாரும் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். யூகலிப்டஸ், மரப்பட்டை சுருள் சுருளாக உரியும் ஜாதி. உரிந்த மரப்பட்டையின் மேல், பரணைக் கட்டும் ராட்செட் வாரை இறுக்கினால், அன்றைக்கு உறுதியாகத் தெரியும். மரப்பட்டை உதிர்ந்ததும் பரண் ஆடும். தளர்ந்த மரப்பட்டையைச் சுரண்டிவிட்டு உறுதியான மரத்தின் மேல் கட்டுங்கள், ஒவ்வொரு பருவத்திலும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாக இறுக்குங்கள். மரம் பருப்பதால் பழைய வார் அறுபடும் அளவுக்கு இழுபடுவதும் உண்டு. மேலே காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரமே வேண்டாம், தம்பி.

அத்துடன் 5 மீட்டர் எதற்கு? காட்டுப்பன்றிக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் எந்த உயரமும் காப்பாற்றாது. குண்டு மண்ணில் போய்ப் பாயும்படி மேலிருந்து கீழாகச் சுட 3 மீட்டரே போதும். அதற்காக ஹார்னஸை விட்டுவிடாதீர்கள், 3 மீட்டரிலிருந்து விழுந்தாலும் கழுத்து முறியும்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வில்

உயரத்தைக் குறைப்பதை நானும் ஆதரிக்கிறேன் ஐயா. கரும்புக்காரன் அண்ணா, புது ஹார்னஸ் வந்ததும் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பகலில் அளவு பாருங்கள். தொடைப்பட்டைக்குள் தட்டையான உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, பாதம் தரைக்குச் சற்று மேலே இருக்கும்படி ஒரு தடவை தொங்கிப் பாருங்கள். கால்மிதிப் பட்டையை இருட்டில் எடுக்க முடியுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.