மிச்ச மால்ட், மிச்ச ஹாப்ஸ்: 20 லிட்டர் பேல் ஏல் தேறுமா?

பானைக்காரன் (டொரொண்டோ):
புதுசா எதுவும் வாங்காம, இருக்கிறதை வச்சு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தர்ற பூ) வாசம் தூக்கலா ஒரு ஏல் (பீர்ல ஒரு வகை) வீட்டுலயே காய்ச்சணும். கையில இருக்கிறது இவ்வளவுதான்.

மால்ட் (முளைகட்டிக் காயவச்ச தானியம்): மாரிஸ் ஆட்டர் 3.2 கிலோ, மியூனிக் 600 கிராம், கோதுமை மால்ட் 400 (இது மட்டும் முன்னாடியே அரைச்சது), கிரிஸ்டல் 60 ஒரு 300 கிராம், கிரிஸ்டல் 120 ஒரு 250.
ஹாப்ஸ், எல்லாமே பெல்லட் (அழுத்தின குருணை): மேக்னம் 15 கிராம் (கசப்பு தர்ற ஆல்ஃபா அமிலம் 12%), கேஸ்கேட் 40 (5.5%), சென்டினியல் 28, பிரிக்காத பாக்கெட் (10%), சிட்ரா 50, சிம்கோ 20. மேக்னமும் கேஸ்கேடும் போன வருஷம் பிரிச்சது, ஜிப் கவர்ல ஃப்ரீசர்ல கிடக்கு.
ஈஸ்ட்: யுஎஸ்-05 ஒரு முழு பாக்கெட், எஸ்-04 பிரிச்ச அரை பாக்கெட்.

35 லிட்டர் பானை, பையில மேஷ் (மால்ட்டைச் சுடுதண்ணியில ஊறவைக்கிறது), குழாய்த் தண்ணி. எல்லாத்தையும் போட்டுடலாமா?

மால்ட்மேசை:
தேறும். ஆனா எல்லாத்தையும் கொட்டாதீங்க. ரெண்டு கிரிஸ்டலும் சேர்ந்தா 550 கிராம், மொத்த மால்ட்ல 11 சதவீதத்துக்கு மேல போயிடும். அந்தப் பாகு ருசியும் உலர் திராட்சை ருசியும் சிட்ராவை அமுக்கிடும். பாட்டில்ல ஒரு மாசம் இருந்தா இன்னும் மோசம். கிரிஸ்டல் 60 மட்டும் 200 கிராம் போதும். 120-ஐ கட்டி வைங்க, போர்ட்டருக்கு (கருப்பு பீர்) ஆகும்.

அரைச்ச கோதுமையை வாயில போட்டு மெல்லுங்க. மொறுமொறுன்னு இனிச்சா சரி. நமத்துப்போய் பழைய மாவு ருசி வந்தா வீசிடுங்க.

கணக்கு இதுதான். மாரிஸ் ஆட்டர் கிலோவுக்கு 300 பாயிண்ட், மியூனிக் 290, கோதுமை 310, கிரிஸ்டல் 280 (ஒரு லிட்டர்ல கரைஞ்சா அடர்த்தி தண்ணியோட 1.000-க்கு மேல ஏறுற அளவு, ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு பாயிண்ட்). கூட்டினா 1,314. பை மேஷுக்கு 70% திறன்னு வச்சா 920. கொதி முடிஞ்சு 20 லிட்டர் நின்னா ஆரம்ப அடர்த்தி 1.046. யுஎஸ்-05 அதை 1.010 வரைக்கும் இறக்கும், 4.7% ஆல்கஹால். கோதுமை போச்சுன்னா 1.042-தான் வரும், 220 கிராம் வெள்ளைச் சர்க்கரையை கடைசி 10 நிமிஷத்துல போட்டா ஈடாகிடும்.

தண்ணி 28 லிட்டர்: மால்ட் குடிக்கிறது மூணரை, ஒரு மணி நேரக் கொதியில ஆவியாகிறது 4. தண்ணி 69 டிகிரியில இருக்கும்போது மால்ட்டைக் கொட்டினா மேஷ் 66-ல நிக்கும். 60 நிமிஷம். பையைத் தூக்கினதும் 24 லிட்டர்ல 1.038 காட்டணும். 1.034 காட்டினா அரவை கரடா இருக்கு, இல்லன்னா சரியாக் கிளறலன்னு அர்த்தம். அங்கேயே 250 கிராம் சர்க்கரையோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டோ சேருங்க, கொதி முடிஞ்சு யோசிக்காதீங்க.

ஹாப்கொடி:
மால்ட் கணக்கு சரி. ஹாப்ஸுக்கு முதல்ல மூக்கு வேணும். நாலைஞ்சு பெல்லட்டை உள்ளங்கையில நசிச்சு மணந்து பாருங்கோ. தோடம்பழத்தோல், பிசின், பச்சைப் புல் மணந்தா பிரச்சினை இல்ல. பழைய சீஸ், வேர்த்த சொக்ஸ் மாதிரி மணந்தா ஐசோவலரிக் அமிலம் வந்திட்டுது, அது குப்பைக்கு. மணமே இல்லாட்டி கசப்புக்கு மட்டும் பாவியுங்கோ.

மேக்னம் நல்லாத் தாங்கும், கேஸ்கேட் கெதியாப் பழுதாப் போகும். அதால பாக்கெட்டில என்ன இருந்தாலும் மேக்னத்தை 10%, கேஸ்கேடை 4% எண்டு கணக்குப் பண்ணுங்கோ. மேக்னம் 15 கிராமும் 60 நிமிஷத்தில: 18 ஐபியு (கசப்பு அளவு). கேஸ்கேட் 20 கிராம் கடைசி 10 நிமிஷத்தில: 3 அல்லது 4. அடுப்பை நிப்பாட்டி 80 டிகிரிக்கு இறக்கின பிறகு சென்டினியல் 28, மிச்சக் கேஸ்கேட் 20, சிட்ரா 20, எல்லாத்தையும் போட்டு 20 நிமிஷம் சுழல விடுங்கோ. அதில ஒரு 10. மொத்தம் 30 சொச்சம், 1.046-க்கு அளவான கசப்பு. 95 டிகிரியிலேயே போட்டீங்களெண்டா மணம் ஆவியோட போயிடும், கசப்பும் எதிர்பார்த்ததை விடக் கூடும்.

ரொறன்ரோத் தண்ணியில குளோரமின் இருக்கு. கொதிக்க வைச்சாலும் லேசில போகாது; விட்டா பீர் பிளாஸ்திரி மாதிரி மணக்கும். 28 லிட்டருக்கு அரைக் கேம்ப்டன் மாத்திரையை (குளோரமினை முறிக்கிறது) நுணுக்கிப் போடுங்கோ. அதோட ஜிப்சம் 6 கிராம், கால்சியம் குளோரைட் 2 கிராம். மேஷ் பிஎச் 5.3, 5.4-ல இருந்தாச் சரி.

நுரைமட்டம்:
சிட்ராவைப் பிரிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. இருக்கிறதே 50 கிராம். சூட்டில் போடும் வேலையை சென்டினியலே பார்த்துக்கொள்ளும், மூன்று நான்கு ஐபியு குறைந்தால் பரவாயில்லை. சிட்ரா 50, சிம்கோ 20 மொத்தமும் ட்ரை ஹாப்புக்கு (புளிக்கும் பீரில் சூடில்லாமல் ஹாப்ஸ் போடுவது) வையுங்கள், லிட்டருக்கு 3.5 கிராம். அதற்குக் கீழே போனால் ட்ரை ஹாப் வாசம் மங்கிவிடும்.

எஸ்-04 அரை பாக்கெட்டை நம்பாதீர்கள். பிரித்த பாக்கெட்டை இறுக மூடி, குளிரில் வைத்தாலும் 7 நாளைக்குத்தான். கொதியின் கடைசி 10 நிமிடத்தில் கொட்டிவிடுங்கள். செத்த ஈஸ்ட் புது ஈஸ்டுக்குச் சத்து. யுஎஸ்-05 11.5 கிராம் இந்த அளவுக்குத் தாராளம். 18, 19 டிகிரியில் புளிக்கட்டும்.

சென்னைவாசி:
நம்ம ஊர்ல இதையெல்லாம் வீட்டுல காய்ச்சலாமா?

நுரைமட்டம்:
தமிழ்நாட்டில் கூடாது. 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவதே குற்றம். ஒன்டாரியோவில் சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது.

பானைக்காரன்:
கேஸ்கேட் மணந்து பார்த்தாச்சு, லேசா காஞ்ச புல் வாசம், சீஸ் இல்லை. கோதுமை நமத்துப் போச்சு, சர்க்கரைதான். ட்ரை ஹாப் எப்போ, எத்தனை நாள்? பாட்டில்தான், கெக் (பீர் உருளை) கிடையாது.

நுரைமட்டம்:
அடர்த்தி 1.012-க்கு வந்ததும் போடுங்கள். அப்போது ஈஸ்டுக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும், மூடி திறக்கும்போது நுழையும் ஆக்ஸிஜனை அதுவே தின்றுவிடும். 3 நாள் போதும். வாரக்கணக்கில் விட்டால் இலைச்சாறு கசப்பு ஏறும்.

பாட்டில்காரர்கள் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம். ஹாப்ஸில் உள்ள என்சைம்கள், ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை உடைத்துக் கொடுக்கும். புளிப்பு மறுபடி கிளம்பும். 1.010 என்று நம்பி அன்றே அடைத்தால் அது பாட்டிலுக்குள் 1.007-க்கு இறங்கும், பாட்டில் வெடிக்கும். ட்ரை ஹாப் போட்ட பிறகு 20, 21 டிகிரியில் வைத்து, 2 நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால் மட்டும் அடையுங்கள். ஏர்லாக் (வாயு வெளியேறும் மூடிக் குழாய்) குமிழி நின்றதெல்லாம் கணக்கில்லை. மாதிரியில் வெண்ணெய் பாப்கார்ன் வாசனை வந்தால் டயசெட்டில், இன்னும் 2 நாள் விடுங்கள்.

ஹாப்ஸ் வண்டல் போக 18 லிட்டர்தான் கைக்கு வரும். அதற்கு வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரை சலசலக்காமல் குழாய் வழியே இறக்குங்கள். தெறித்தால் ஆக்ஸிஜன் ஏறி சில வாரத்தில் நிறம் பழுப்பாகி அட்டைப்பெட்டி ருசி வரும்.

ஹாப்கொடி:
சிட்ராவை விட்டுத்தாறன். ஒண்டு மட்டும்: ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்திலும் சேர்த்து அடையுங்கோ. அது கல்லு மாதிரி இறுகினா காஸ் ஏறீட்டுது, மற்றதுகளை ஃப்ரிட்ஜுக்கு மாத்தலாம்.