பனமரத்துப்பட்டி ஏரிக்கரை மண் ரோட்டுல சைக்கிள் போகுமா?

சேலத்து மக்களே, ஒரு உதவி வேணுங்க. ஞாயித்துக்கிழமை காலைல தம்பி பையனையும் கூட்டிட்டு, காரு லாரி தொல்லை இல்லாம ஏரி, காடு, தோப்புன்னு மண் ரோட்டுலயே சைக்கிள் ஓட்டற மாதிரி ரூட் யாராவது சொல்லுங்களேன். ஏற்காடு வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவையும் ஏழாவது படிக்கற பையன் மிதிக்க மாட்டான், லீவு நாள்ல டூரிஸ்ட் காருக்கு நடுவுல ஓட்டறதுக்கு வீட்லயே தூங்கலாம். மூக்கனேரி நல்லாதான் இருக்கு, நடுவுல இருக்கற மண் திட்டு மரத்துலல்லாம் பறவைங்க, பின்னாடி சேர்வராயன் மலை, ஆனா சின்ன சுத்துங்க, கண்ணங்குறிச்சி பக்கம் திரும்புனா மறுபடி டிராஃபிக்.

அதான் பனமரத்துப்பட்டி ஏரி. கரையிலயே முழுசா சுத்தி வர முடியுமா, பாதில இறங்கி உருட்டணுமா? சீமைக் கருவேல முள்ளு வேற. எனக்கு 40 எம்எம் டியூப்லெஸ் டயர், சீலன்ட் ஊத்தியிருக்கேன், சின்ன ஓட்டைன்னா தானா அடைச்சுக்கும், பையனோடது சாதா டியூப், ஒரு முள்ளு போதும். கூகுள் மேப்ல ஒரு கோடு தெரியுது, அது பாதையா வரப்பான்னே புரியல. சமீபத்துல போனவங்க போட்டோ இருந்தா போடுங்க, விடியக்காலைல திறக்கற டீக்கடை இருந்தா அதையும் சேத்து சொல்லிடுங்க.