மறுமொழி: குவார்ட்டர்பேக் – ‘ஏவுநர்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை ‘குவார்ட்டர்பேக்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நின்றதால்தான் இந்த இழையைத் தொடங்கினேன். அணிக்குக் கட்டளையிட்டு, பந்தை வாங்கி முன்னோக்கி எறிபவர்தான் குவார்ட்டர்பேக், பிரேடி ஆடியது அந்த இடத்தில். ‘கால்பின்னர்’, ‘எறிநர்’ என்று நீங்கள் சொன்ன பரிந்துரைகளையெல்லாம் கட்டுரைக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். என் மனம் ‘ஏவுநர்’ பக்கம்தான் சாய்கிறது.

‘கால்பின்னர்’ (குவார்ட்டர் என்றால் கால், பேக் என்றால் பின்) வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பரிந்துரைத்தவர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சரியாகவே பிடித்திருக்கிறார். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்றவர் குவார்ட்டர்பேக், இன்னும் தள்ளி நின்றவர் ஹாஃப்பேக், அதற்கும் பின்னால் ஃபுல்பேக் என்று நிற்கிற இடத்தை வைத்துத்தான் அங்கே பெயர் வைத்தார்கள். ஆனால் 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தபிறகு அவருடைய வேலையே வேறாகிவிட்டது. இன்று பல நேரம் அவர் ஐந்து கஜம் பின்னால் நின்றுதான் பந்தை வாங்குகிறார். அந்தப் பழைய இடத்தை நாம் தமிழில் சுமக்கத் தேவையில்லை. அப்புறம், கால்பந்து என்பதில் ஒரு கால், ஆட்டத்தின் கால்பகுதி என்பதில் ஒரு கால், இதுவும் சேர்ந்தால் படிப்பவர் எந்தக் காலைப் பிடிப்பார்? ‘பின்னர்’ என்றாலோ பிறகு என்றுதான் முதலில் தோன்றுகிறது.

‘எறிநர்’ இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது வேலையில் பாதியைத்தான் சொல்கிறது. அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதை, குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியாளர் சொல்வார். அதைத் தொடங்கக் கொடுக்கப்பட்ட நேரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்றி, கூச்சலுக்கு நடுவே பத்துப் பேருக்கும் கேட்கும்படி கத்திச் சொல்வது அவர் பொறுப்பு. பிரேடியின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 2000இல், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வுக்கு (டிராஃப்ட்) முந்தைய சோதனையில் 40 கஜத்தை ஓட அவருக்கு 5.28 விநாடி ஆனது, அது மெதுவான ஓட்டம். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள், ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாகத்தான் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை எடுத்தது. 2002 பிப்ரவரியில் அவருடைய முதல் சூப்பர் பவுல், அதாவது பருவத்தின் இறுதிப் போட்டி. 17–17 சமநிலை, ஒன்றரை நிமிடம்கூட மிச்சம் இல்லை, இடைநிறுத்தம் கேட்கவும் வழியில்லை. பெரும்பாலும் சின்னச் சின்ன எறிதல்களாலேயே அணியை நகர்த்திக்கொண்டு போய், 7 விநாடி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். அணியின் உதைப்பாளர் ஆடம் வினாடியேரி 48 கஜத்திலிருந்து உதைத்து வென்று கொடுத்தார். இதைச் செய்தவரை ‘எறிநர்’ என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏவு என்ற வினையைப் பாருங்கள். அம்பை ஏவினான், ஏவுகணை என்னும்போது அது எய்வது. ஏவல் வினை என்று இலக்கணத்தில் படிக்கும்போது அது கட்டளையிடுவது. அவர் செய்கிற இரண்டு வேலைக்கும் தமிழில் ஏற்கெனவே ஒரே வேர்ச்சொல் இருக்கிறது, ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி இது. ஓட்டுநர், இயக்குநர் போல ‘நர்’ சேர்த்தால் போதும். லமார் ஜாக்சன் மாதிரி, 2019இல் ஒரே பருவத்தில் பந்தோடு 1,206 கஜம் ஓடிய குவார்ட்டர்பேக்குக்கு இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும், அவரும் கட்டளையிட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்.

ஏவல், பில்லி, சூனியம் நினைவுக்கு வருகிறது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் ஏவுகணை என்று தினமும் படிக்கிறோம், யாருக்கும் அது தோன்றுவதில்லை. கவனமாக இருக்க வேண்டியது ‘ஏவலர்’ விஷயத்தில்தான், அது பணியாளைக் குறிக்கும், பொருள் தலைகீழாகிவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தேசியப் பட்டத்தை நெப்ராஸ்காவுடன் பகிர்ந்துகொண்டபோது பிரையன் கிரீசி முதன்மை ஏவுநர், பிரேடி மாற்று ஏவுநர். 2021இல் டாம்பா பே அணிக்காக ஏழாவது சூப்பர் பவுலை வென்றபோது அந்த ஏவுநருக்கு வயது 43.” உறுத்தாமல் ஓடுகிறது. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘குவார்ட்டர்பேக் எனப்படும் ஏவுநர்’ என்று எழுதிவிடலாம்.

டிராஃப்டுக்கு ‘ஏலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐபிஎல் பார்த்துப் பழகியதால் அது வாயில் வருகிறது, ஆனால் இங்கே விலை கேட்பதே இல்லை. முந்தைய பருவத்தில் கடைசியில் இருந்த அணி முதலில், மற்றவை அதன் பின்னால் என்று முறை வைத்து வீரர்களை எடுக்கிறார்கள். ‘முறைத்தேர்வு’ என்றால் சரியாக வரும்.

‘ரெட்ஷர்ட்’ என்ற சொல்லுக்குத்தான் இன்னும் தமிழ் அமையவில்லை. கல்லூரியில் சேர்ந்த வீரர் ஓராண்டு பயிற்சி மட்டும் எடுத்து, போட்டியில் ஆடாமல், ஆடும் தகுதிக்காலத்தில் அந்த ஆண்டைக் கழிக்காமல் வைத்துக்கொள்வது அது. பிரேடிக்கு 1995 அப்படித்தான் போனது. ‘சேமிப்பாண்டு’ என்று யோசித்தேன், வங்கி வாடை அடிக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அந்தப் பத்தியை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.