டர்ஜிட் என்ற ஆங்கிலச் சொல்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் மாலை நேர இலவச ட்யூஷனில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படிப்பவர்கள். 'டர்ஜிட்' என்ற பெயரடையில் வந்து நிற்கிறோம்.

தாவரவியலில் தொல்லை இல்லை. நீரை உறிஞ்சி, செல்சுவரை அழுத்தும் அளவுக்கு உப்பிய செல் டர்ஜிட். வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டு, அது விறைத்து எழுவதைக் காட்டினாலே புரிந்துவிடுகிறது. வேர்ச்சொல் லத்தீன், 'வீங்கு' என்று பொருள். அதனால்தான் ஆரவாரமாக ஊதிப்பெருத்த எழுத்து நடையையும் டர்ஜிட் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான், பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

சிக்கல் ஆற்றில்தான். மழைக்காலத்தில் எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாறு பெருகி வந்தால் டர்ஜிட். அதே தண்ணீர் சேறாகக் கலங்கியிருந்தால் 'டர்பிட்'. வெள்ளத்தில் இரண்டுமே பொருந்துவதால் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பிரித்து நினைவில் வைக்க நல்ல வழி உண்டா?

அப்புறம் உடம்பு. அம்மாவின் வீங்கிய காலை டர்ஜிட் என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். 'ஸ்வோலன்' தான் இயல்பு என்றேன். வீங்கிய என்ற பொருளிலேயே 'ட்யூமிட்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. ட்யூமர் அதன் உறவு. ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் இப்போது எதை எழுதுகிறார்கள்? நர்ஸ், டாக்டர் யாராவது சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியர்கள் எளிய வாக்கியங்கள் நாலைந்து தந்தால் சனிக்கிழமை வகுப்பிலேயே பயன்படுத்திக்கொள்வேன்.